கொட்டு நின்றும் அடங்காத மூச்சு

பிரிட்ஜுக் கதவில் முட்டை அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தாள் தங்கலட்சுமி. பட்டுச் சேலைகளுக்கு அடியில் அதைச் செருகினாள். பின்னாலேயே வந்த மகள் அமுதவள்ளி பதறினாள்.

"அம்மா, அங்கன வைக்காதம்மா. இந்த வெயிலுக்கு மருந்து கெட்டுப்போகும்."

"உங்க மாமியா வீட்டு ஆளுக இன்னைக்குச் சாயங்காலம் வாராக. வந்ததும் தண்ணி குடிக்க இந்தப் பிரிட்ஜத்தான் தொறப்பாக. இது என்ன மருந்து, யாருக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? உங்கப்பாவுக்குன்னு சொன்னா அந்த மனுசன் அடுத்த நிமிசமே முழிச்சுக் காட்டிக்கொடுத்துருவாரு. ரெண்டு நாளு பொறு, தாயி."

அமுதவள்ளிக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் ஓடும் என்கிற வகை. அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தானே வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருவாள். இத்தனை வருஷமாக வீட்டைத் தவிர அந்த ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. பெண் பிள்ளைக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று தங்கலட்சுமிக்குப் பயம்.

அவள் கெட்டவள் இல்லை. தான் ஒரு வாய் குறைத்துக்கொண்டு மகளுக்கு மருந்து வாங்கியவள். மல்லாங்கிணற்றில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாண்டிராஜுக்குப் பேசி முடித்துப் பூ வைத்ததும், ஊர்க் காளியம்மனுக்கு மகள் அக்கினிச்சட்டி எடுப்பாள் என்று நேர்ந்துகொண்டதும் அவள்தான். 'கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்றேன்' என்று சொல்லி, அதுவரை வாய் திறப்பதில்லை என்று மகளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பக்குவமான நாள் எந்த வருஷத்துக் காலண்டரிலும் இருக்காது என்பது அவளுக்கும் உள்ளூரத் தெரியும்.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அமுதவள்ளியும் மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக விரதம் இருந்தாள். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதை மைக்கில் காலையும் மாலையும் சொல்கிறவர் அவளுடைய அப்பா சங்கையாதான். மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல்காட்டுக்காரர், விழாக் கமிட்டியின் நிரந்தரக் குரல். வீட்டில் வாய் திறக்காத மனிதருக்கு மைக்கைக் கண்டால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ அப்படி ஒரு செந்தமிழ்.

சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோகிலாம்பாள் வாய் நிறையச் சிரிக்கிற பெண். தாம்பாளமும் பூவுமாக வந்து, பீரோ இருக்கும் அறையிலேயே பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளைச் சுற்றி அவள் வீட்டுப் பெண்கள். அந்த அறைக்குள் நுழைந்து பீரோவைத் திறந்து ஊசி எடுக்க அமுதவள்ளிக்கு வழியே இல்லை. அம்மாவைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப்போய்க் கெஞ்சினாள்.

"அம்மா, ஊசி போடணும்மா."

"பச்சத் தண்ணியத் தவிர எதும் சாப்பிடல. சாப்பிடாதவளுக்கு எதுக்கு ஊசி? சக்கரை கொறஞ்சு கோயில்ல மயங்கி விழுந்தேன்னு வச்சுக்க, அம்புட்டுத்தேன். மானம் போயிரும். சட்டி எடுத்து முடிச்சுட்டுப் போட்டுக்கலாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சாப்பிடாத வயிற்றுக்கு ஊசி எதற்கு என்று படித்தவர்களே நினைப்பதுண்டு. ஆனால் இந்த வகைச் சர்க்கரைக்குச் சாப்பாடு இல்லாத நாளிலும் ஊசி வேண்டும். அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமே தவிர, ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அந்தத் தப்பு அன்று அந்தக் கொல்லைப்புறத்தில் நடந்தது. அமுதவள்ளியும் அம்மா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டாள்.

ராத்திரி முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். குடித்த தண்ணீர் உடம்பில் நிற்கவில்லை. எழுந்து எழுந்து வெளியே போனாள். விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மஞ்சளாக வாந்தி எடுத்தாள். கோகிலாம்பாள் முதுகைத் தடவிவிட்டு, "வெறும் வயிறுல்ல, பித்தந்தான். ஆத்தாளுக்குச் சட்டி எடுத்தாச் சரியாப் போகும்" என்றாள். தங்கலட்சுமி மகளின் முகத்தைப் பார்க்காமல் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உறுமியும் மேளமும் காதைப் பிளந்தன. சட்டி எடுக்கிற பெண்கள் ஈரச் சேலையோடு வரிசையில் நின்றார்கள். அமுதவள்ளிக்கு நிற்க முடியவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக, ஆழமாக, வேகமாக வந்து போனது. ஓடி வந்து நின்றவள் மூச்சு வாங்குவது போல நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் அவள் ஓடவே இல்லை.

"ஏத்தா! அமுதவள்ளிக்கு அருள் வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். குலவைச் சத்தம் கோயிலை நிறைத்தது. கொட்டுக்காரர்கள் அவளைச் சுற்றி வந்து இன்னும் வேகம் பிடித்தார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு பெண் பயபக்தியோடு வாக்குக் கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். கோகிலாம்பாளுக்குக் கண் கலங்கியது. "ஆத்தா எறங்குன மருமகளா எனக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தங்கலட்சுமி அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். இது சாமி இல்லை என்று அவளுக்குத் தெரியும். மகள் ஊசி போடவில்லை என்பது அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் சம்பந்தியம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் மாறிவிடும். 'கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், ஆத்தா காப்பாற்றுவாள்' என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். பெற்ற தாயே பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆக்கிவிட்டது அந்தப் பாழாய்ப்போன பயம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருத்தம்மாள் வந்தாள்.

கருத்தம்மாள் அந்தக் கோயிலின் சாமியாடி. மற்ற நாளில் பந்தல்குடிக்குப் பக்கத்தில் தூத்துக்குடி ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்பாள். அவளிடம் பேரம் பேசிய லாரி டிரைவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு, அதற்கும் மேலே காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். வாய் அப்படி. ஆனால் பங்குனியில் அவள் மேல் அருள் இறங்கினால் ஊரே காலில் விழும். பல வருஷமாக அந்த மரியாதையை அவள் யாரோடும் பங்கு போட்டதில்லை. பங்கு கேட்டவரும் இல்லை.

அவள் அமுதவள்ளியின் முன்னால் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டாள். மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். நாக்கு காய்ந்து போயிருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. பிள்ளையின் மூச்சில் அழுகிய பழம் போல ஒரு வாடை அடித்தது. கருத்தம்மாள் புருவத்தைச் சுருக்கினாள்.

"கொட்ட நிறுத்துங்கடா!"

கொட்டுக்காரர்களுக்குக் காதில் விழவில்லை. எழுந்து போய் உறுமியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். உறுமி நின்றது. மேளமும் நின்றது. குலவையும் ஒவ்வொன்றாக அடங்கியது.

சங்கையா மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார். "என்னக்கா, சாமி வந்திருக்கிற நேரத்துல கொட்ட நிறுத்துனா..."

"பேசாம இரு, சங்கையா. எனக்கு அருள் வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வேர்த்துக் கொட்டும். ஒடம்பு ஒதறும். மூச்சு தாறுமாறா வரும். கொட்டு நின்னாக் கொஞ்சத்துல தணிஞ்சுரும். எல்லாரும் செத்த வாய மூடிக்கிட்டு நில்லுங்க. இந்தப் புள்ளைக்குத் தணியுதான்னு பாப்போம்."

ஊர் நின்று கேட்டது. அத்தனை கூட்டத்திலும் கேட்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான். அமுதவள்ளியின் மூச்சு. இழுத்து விட்டது, இழுத்து விட்டது. கொட்டு இருந்தபோது எப்படி வந்ததோ அப்படியே, கொஞ்சமும் மாறாமல் வந்தது. எத்தனை நேரம் நின்றார்களோ, அது தணியவே இல்லை. முன்னால் நின்ற பெண்கள் ஓரடி பின்னுக்குப் போனார்கள்.

"இது ஆத்தா இல்ல. இது என்னமோ சீக்கு" என்றாள் கருத்தம்மாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தனக்குப் போட்டியா ஒருத்தி வந்துட்டாள்ல, அதான்."

கருத்தம்மாள் திரும்பினாள். "வாடி முன்னால. போட்டியாம்ல போட்டி! ஆத்தா நாளைக்கே இந்தப் புள்ள மேல எறங்கட்டும், நானே இவ கால்ல விழுந்து எந்திரிக்கிறேன். அதுக்கு மொதல்ல இவ உசுரோட இருக்கணும். தீர்த்தத்த வாயில ஊத்தாதடி! நெனவு தப்புன புள்ளைக்கு மூச்சுக்கொழல்ல ஏறிச்சுன்னா என்ன செய்வ?" சொம்பைத் தட்டிவிட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "எனக்கு என்ன சீக்குன்னு தெரியாது. தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா இப்பச் சொல்லிருங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

சாமியாடி ஊரைப் பார்த்துக் கும்பிட்டாள். இதுவரை அந்த ஊர்தான் அவளைக் கும்பிட்டிருக்கிறது.

தங்கலட்சுமி கோகிலாம்பாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அமுதவள்ளியின் கையில் இருந்த வேப்பிலை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கிற தெம்பு கூட அந்தக் கைக்கு இல்லை. அதைக் கண்டதும் தாய்க்கு உள்ளே ஏதோ உடைந்தது.

"எம்புள்ளைக்குச் சக்கரை!" என்று அலறினாள். "சின்ன வயசுல இருந்தே சக்கரை! நேத்துல இருந்து ஊசி போடல! நான்தான் போட விடல! பாவி நான்தான் ஒளிச்சு வச்சேன்! மதினி, என்னைய நீங்க என்ன வேணாலும் பேசுங்க, எம்புள்ளையக் காப்பாத்துங்க!"

 கோகிலாம்பாள் கையில் தாம்பாளத்தோடு கல்லாக நின்றாள். அவள் மகன் பாண்டிராஜ் மட்டும் போனை எடுத்து நூற்றியெட்டுக்கு அடித்துவிட்டான். போனில் பேசியவர்கள் சொன்னபடி, "ஒருச்சாச்சுப் படுக்க வைங்க, கூட்டத்த வெலக்குங்க, வாயில எதும் குடுக்காதீக" என்று உரக்கச் சொன்னான்.

கோகிலாம்பாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். புதுப்பட்டுச் சேலையோடு மஞ்சள் தண்ணீர்ச் சகதியில் உட்கார்ந்து, அமுதவள்ளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டாள். "பேச்செல்லாம் பெறகு பேசிக்கிடலாம். மொதல்ல புள்ளையப் பாருங்க" என்றாள். குரலில் கோபம் இருந்தது. பிடித்த கையில் இல்லை.

பந்தல்குடிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அப்போதுதான் சங்கையாவுக்கு அந்த நினைப்பு வந்தது. கருத்தம்மாளிடம் ஓடினார். "அக்கா, கையில காப்பு இருக்கே. எல்லையத் தாண்டுனா ஆத்தா குத்தம் ஆயிருமே. ஊருக்கே நான்தான மைக்குல சொன்னேன்..."

கருத்தம்மாள் பிள்ளையின் பக்கத்தில் குனிந்தாள். அமுதவள்ளியின் கையில் இருந்த காப்பை அவிழ்த்தாள். மஞ்சள் கயிற்றைத் தன் காப்புக்கு மேலேயே சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இவ வெரதம் இனி என் வெரதம். இவ சட்டிய நான் எடுக்கேன். குத்தம்னா அது என்னையச் சேரட்டும். ஏத்துடா வண்டியில!"

கரிசல் ரோட்டில் வண்டி பறந்தது. உள்ளே இருந்த ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் மாரிச்செல்வம் விரலில் குத்தி மெஷினில் வைத்துப் பார்த்தான். "நம்பரே காட்டலைங்க, அளவுக்கு மேலன்னு காட்டுது" என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் கலக்காத உப்புத் தண்ணீர் பாட்டிலை மாட்டினான். தங்கலட்சுமி ஒரு மூலையில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கூடவே ஏறிய கோகிலாம்பாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுசியா தயாராக நின்றார். ஏற்கெனவே மாரிச்செல்வம் சொல்லியிருந்ததால் ஒரு நிமிஷம் வீணாகவில்லை. சாயங்காலம் அவரே வெளியே வந்து இரண்டு அம்மாக்களையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இன்சுலின் இல்லன்னா ஒடம்பால சர்க்கரைய எரிக்க முடியாதும்மா. கொழுப்ப எரிக்கும். அதுல ரத்தம் புளிச்சுப் போகும். அந்தப் புளிப்ப வெளியேத்தத்தான் நெஞ்சு அப்படி இழுத்து இழுத்து மூச்சு விடுது. அந்தப் பழ வாடையும் அதனாலதான். அதுக்கு முன்னாடியே தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, வாந்தி, வயித்து வலின்னு ஒடம்பு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. யாரும் கேக்கல. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எங்க கையிலயும் இல்ல. யாரு சரியான நேரத்துல அனுப்பி வச்சது?"

"எங்க ஊரு சாமியாடி, டாக்டரம்மா" என்றாள் தங்கலட்சுமி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அவங்கள நான் ஒரு நாள் பாக்கணும்."

இரண்டாம் நாள் அமுதவள்ளியின் மூச்சு சாதாரணமாக வந்தது. கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது கோகிலாம்பாளைத்தான். தங்கலட்சுமி வாசலிலேயே நின்றாள், உள்ளே வரத் துணிவில்லாமல். கோகிலாம்பாள்தான் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க மதினி. நேத்துப் பூரா உங்ககிட்ட நான் பேசல. கோவந்தான். இப்பவும் கோவந்தான். ஆனா இவளுக்குச் சக்கரை இருக்குன்னு எனக்குக் கோவமில்ல. எங்கிட்ட மறைச்சீக பாத்தீகளா, அதுக்குத்தேன் கோவம். நாளைக்கு எங்க வீட்டுல இவ இப்படிக் கெடந்திருந்தா, எனக்கு என்ன தெரியும்? நானும் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கொலவை போட்டிருப்பேன். எங்கையாலயே இவளக் கொன்னிருப்பேனே!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "யாரும் கட்டமாட்டாகன்னு பயந்து, கட்டிக்குடுக்கப் புள்ளையே இல்லாமப் பண்ணப் பாத்தேனே மதினி."

பாண்டிராஜ் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றான். "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றான் மெல்ல.

"சொல்லிருக்கணும். தப்புதான்" என்றாள் அமுதவள்ளி. பிறகு, காய்ந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தாள். "கல்யாணம் வேணும்னா ஒரு கண்டிசன் இருக்கு, அத்தை. உங்க வீட்டுப் பிரிட்ஜுல ஊசிப் பெட்டி முன்னால தெரியுறாப்புல இருக்கணும். பீரோவுல வைக்க மாட்டேன்."

"முட்டைத் தட்ட எடுத்துட்டு அங்கன வச்சுருவோம். உங்க மாமா முட்டை திங்கிறதக் கொறைக்கட்டும்" என்றாள் கோகிலாம்பாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எட்டாம் நாள் மறுபூசைக்கு அமுதவள்ளி ஊர் திரும்பியிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். அவளுக்காகச் சட்டி எடுத்த கருத்தம்மாளின் உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சட்டி கனத்துவிட்டது என்று அவளே கேலி பேசிக்கொண்டிருந்தாள். போட்டி என்று சொன்ன பெண் அன்று முதல் ஆளாக வந்து, அந்தக் கைக்கு மருந்து தடவிவிட்டுப் போயிருந்தாள்.

வழக்கம்போல ஊர் வாக்குக் கேட்கக் கூடியது. கொட்டுக்காரர்கள் உறுமியைத் தூக்கினார்கள். கருத்தம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள். சங்கையாவிடமிருந்து மைக்கை வாங்கினாள். அருள் இல்லாமல், ரோட்டில் வெள்ளரிக்காய் விற்கிற அதே குரலில் பேசினாள்.

"இன்னைக்கு வாக்கு ஆத்தா சொல்லல. நான் சொல்றேன். நல்லாக் கேட்டுக்கங்க. யாருக்காச்சும் மூச்சு அப்படி வந்துச்சுன்னா மொதல்ல கொட்ட நிறுத்துங்க. நிறுத்தியும் மூச்சு தணியலையா, அது சாமி இல்ல, சீக்கு. வேப்பிலையத் தேடாதீக, நூத்தியெட்டுக்கு அடிங்க. ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. வீட்டுல யாருக்குச் சீக்கு இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லுங்க. சீக்கு வாரது யாருக்கும் அசிங்கமில்ல. அதை ஒளிச்சு வச்சு ஆளப் பறிகொடுக்கிறதுதான் அசிங்கம்."

யாரும் குலவை போடவில்லை. ஆனால் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருத்தி, "எனக்கும் சக்கரை இருக்குக்கா, எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்று எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள்.

சங்கையா மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். எத்தனையோ வருஷமாகச் சொன்ன அறிவிப்பை அவர் அன்று முதல் தடவையாகத் திருத்திச் சொன்னார்.

"விழாக் கமிட்டி சார்பாகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். காப்புக் கட்டிய பக்தர்கள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த ஊரில் எல்லை கிடையாது."